கொக்கியில் வந்த வில்லங்கம்

ஈரோடு பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 36. தனியார் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். கொரோனா ஊரடங்கில் வேலை போனது. மகளின் நாட்டிய உடைக்குப் பொருத்தமாக ஒரு பாசி மாலை கோத்து, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார். பார்த்தவர்கள் எனக்கும் ஒன்று என்று கேட்க, அதுவே தொழிலாகிவிட்டது. இன்று இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்து, கண்ணாடிப் பாசி, கிரிஸ்டல், முத்து, ஜெர்மன் சில்வர் பதக்கம் என்று வாங்கி மாலை, சோக்கர் (கழுத்தை ஒட்டிப் போடும் நகை), ஜிமிக்கி செய்து விற்கிறார். வருட விற்பனை மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். பாதி ஆர்டர் பெங்களூருக்கும் கேரளாவுக்கும் போகிறது.

இப்போது நாலா பக்கமும் இடி. திருநெல்வேலியில் ஒரு பெண் 1,450 ரூபாய்க்குச் சோக்கர் வாங்கி, மே மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு கல்யாணங்களுக்குப் போட்டிருக்கிறார். கழுத்தில் தடிப்பு, அரிப்பு, நீர்க்கொப்புளம். தோல் மருத்துவருக்கும் மருந்துக்கும் 3,800 ரூபாய் ஆனதாம். 15 நாளில் இரண்டு லட்சம் தர வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம், ஒரு பொட்டிக் (ஃபேஷன் கடை) 62 உருப்படிகளை (சுமார் 46,000 ரூபாய்) ‘விற்றதும் காசு’ என்று வாங்கிப்போய் ஒன்பது மாதமாகிறது. மூன்றாவதாக, வேறொரு பக்கம் இவருடைய டிசைனையும், இவர் எடுத்த படத்தையுமே போட்டு ஆர்டர் பிடிக்கிறது. இதையெல்லாம் பார்த்த கணவர், “ஜிஎஸ்டி இல்லாமல் வெளிமாநிலத்துக்கு அனுப்புகிறாயே, அதுவும் ஒரு நாள் வரும்” என்கிறார்.

வாசகியின் கேள்வி: “நான் கம்பெனி இல்லையே, வீட்டில் கையால் செய்கிறவள். என் மேல் வழக்குப் போட முடியுமா? ‘நோ ரிட்டர்ன், நோ ரீஃபண்ட்’ என்று பக்கத்தில் போட்டிருக்கிறேன். 15 நாள் முடிந்தால் போலீஸ் வருமா? பேசாமல் பதிவையும் பக்கத்தையும் அழித்துவிட்டு ஓய்ந்துவிடலாமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

எதையும் அழிக்காதீர்கள். நோட்டீஸோடு உங்கள் பதிவின் ஸ்கிரீன்ஷாட் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் அழிப்பதால் அது இல்லாமல் போகாது. ஒளித்தார் என்ற பேச்சுதான் மிஞ்சும். உங்களுக்கு உதவக்கூடியவையும் சேர்ந்து போய்விடும். பார்சல் கிடைத்த அன்று அவர் அனுப்பிய செய்தி, முதல் முறை அரிப்பு என்று சொன்ன தேதி, நீங்கள் கொடுத்த பதில், எல்லாம் அந்த உரையாடலில்தான் இருக்கின்றன. இன்றைக்கே பேக்கப் எடுத்து வையுங்கள்.

போலீஸ் வராது. வக்கீல் நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல. வழக்குப் போடப் போகிறேன், அதற்கு முன் பேசுகிறாயா என்று கேட்கிற கடிதம். அதற்காகக் கிடப்பில் போடவும் கூடாது. பதிலில்லாத நோட்டீஸை எதிர்த்தரப்பு நுகர்வோர் ஆணையத்தின் முன் எடுத்து வைக்கும்போது, மறுக்க எதுவும் இல்லாததால்தான் வாயடைத்துப் போனார் என்றே வாதிடுவார்கள்.

‘வீட்டில் கையால் செய்கிறவள்’ என்பது உங்களைக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொழிற்சாலை வைத்திருப்பவரை மட்டும் உற்பத்தியாளர் என்று சொல்லவில்லை. பிறர் செய்த பாகங்களைச் சேர்த்து ஒரு பொருளை உருவாக்குகிறவரும் உற்பத்தியாளர்தான். பாசி ஓரிடத்தில், கியர் ஒயர் (பாசி கோக்கும் கம்பி) ஓரிடத்தில், கொக்கி ஓரிடத்தில் வாங்கிக் கோக்கிற நீங்கள் அந்த வரையறைக்குள் அப்படியே பொருந்துகிறீர்கள்.

படத்தில் தெரிவது என்ன?

அந்தப் பெண் அனுப்பிய கழுத்துப் படத்தை நீங்கள் எனக்கும் அனுப்பியிருந்தீர்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். முன்கழுத்தில், பாசி படிகிற இடத்தில், ஒன்றுமே இல்லை. பிடரியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து தடித்திருக்கிறது. அதிலிருந்து கீழ்நோக்கி இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு கோடு. உங்கள் சோக்கரின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நாணயம் இருக்கிற இடத்தில் லாப்ஸ்டர் கொக்கி. கோடு ஓடுகிற இடத்தில், அளவு கூட்டிக் குறைக்கத் தொங்கவிடும் சங்கிலி.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இது போன்ற ஒரு வழக்கில் தோல் மருத்துவர் ஒருவர் சாட்சியம் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். மலிவு விலைக் கொக்கி, சங்கிலி, தோட்டுத் தண்டு இவற்றில் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். வியர்வை பட்டால் அது கசிந்து தோலில் இறங்கும். ஒரு முறை ஒவ்வாமை வந்துவிட்டால், அப்புறம் ஆயுளுக்கும் அந்த உலோகம் பட்டாலே அரிக்கும். மே மாதத்து நெல்லையில், பட்டுப்புடவையில், மண்டபத்துக்குள் எவ்வளவு வியர்த்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. என் அம்மாவுக்குக் கவரிங் தோடு போட்டாலே காதில் நீர் வடியும். தங்கம்தான் ஒத்துக்கொள்ளும் என்பார். பணக்காரக் காது என்று கேலி செய்வோம். காரணம் இதுதான் என்று அந்த வழக்கில்தான் எனக்கே தெரிந்தது.

கடிதத்தில் இன்னொரு வரியும் என்னைத் திடுக்கிட வைத்தது. “பதக்கம் ஜெர்மன் சில்வர், வெள்ளி என்பதால் அதில் பிரச்சினை வராது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஜெர்மன் சில்வரில் வெள்ளி ஒரு பொட்டுகூடக் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்த்த கலவை அது. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். அந்தப் பதக்கத்தை ‘வெள்ளி’ என்று சொல்லி விற்றிருந்தால் அது தனி வில்லங்கம். உங்கள் பதிவுகளில் எங்காவது அப்படி எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பதிவை நீக்காமல், அதிலேயே திருத்தம் போடுங்கள்.

‘அலர்ஜி வரவே வராது’

வழக்கின் கழுத்து இங்கேதான் மாட்டியிருக்கிறது. “100% நிக்கல் ஃப்ரீ, யாருக்கும் அலர்ஜி வரவே வராது” என்று அந்தச் சோக்கரின் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கொக்கிப் பாக்கெட்டில் அப்படி ஸ்டிக்கர் இருந்தது, மொத்தக் கடைக்காரரும் சொன்னார், நம்பினேன் என்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்லவில்லை என்று நானும் நம்புகிறேன். சட்டத்துக்கு அது போதாது. ஒரு பொருளைப் பற்றி வெளிப்படையாக உத்தரவாதம் கொடுத்து, பொருள் அதற்கு மாறாக இருந்தால், உற்பத்தியாளர் பொறுப்பு. கவனக்குறைவோ ஏமாற்றும் எண்ணமோ இல்லாமல்தான் உத்தரவாதம் கொடுத்தேன் என்று நிரூபித்தாலும் தப்ப முடியாது என்று 84ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. அந்த ஒரு வரியை எழுதாமல் இருந்திருந்தால், கொக்கியில் குறை என்பதை அவர்கள் நிரூபித்துத்தான் நகர முடியும். இப்போது, நீங்கள் கொடுத்த வாக்கு பொய்த்தது என்று காட்டினாலே போதும்.

கடைக்காரர் மேல் பழியைத் திருப்பலாமா? பில் இருந்தால் திருப்பலாம். நீங்கள் வைத்திருப்பது பெயரும் முத்திரையும் இல்லாத வெள்ளைச் சீட்டு. இனிமேல் கொக்கி, சங்கிலி, தோட்டுத் தண்டு மூன்றையுமாவது பில் போட்டு வாங்குங்கள். ஐந்து ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை.

‘நோ ரிட்டர்ன்’ பலகையையும் எடுத்துவிடலாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, பணத்தைத் திருப்பித் தர மறுப்பது இரண்டும் நேர்மையற்ற வணிகமுறை. பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வைத்திருக்கிறது. நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கு ‘திரும்ப எடுக்க மாட்டோம்’ என்று எழுத உங்களுக்கு உரிமை உண்டு. அதைத் தெளிவாக அப்படியே எழுதுங்கள்.

என்ன பதில் போடுவது?

உங்கள் பக்கத்திலும் சொல்ல விஷயம் இருக்கிறது. இணைத்திருக்கிற மருத்துவச் சீட்டில் ‘கான்டாக்ட் டெர்மடைடிஸ்’, அதாவது ஏதோ பட்டதால் வந்த தோல் அழற்சி, என்று மட்டும் இருக்கிறது. எது பட்டு வந்தது என்று இல்லை. சென்ட், தலைச்சாயம், ரவிக்கையின் கொக்கி என்று எதுவும் காரணமாக இருக்கலாம். பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்திருந்தால்தான் நிக்கல் என்று உறுதியாகும். வழக்கு வந்தால் ஆணையம் சோக்கரை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். இரண்டு லட்சம் என்ற தொகையைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். நோட்டீஸில் எழுதும் தொகைக்குப் பேனாவைத் தவிர வேறு கட்டுப்பாடு கிடையாது. ஆணையம் முக்கியமாகப் பார்ப்பது பில்லையும் மருத்துவ ஆவணத்தையும்.

ஆனாலும் நான் உங்கள் வக்கீலாக இருந்தால், சமாதானம் பேசத்தான் சொல்வேன். அந்தப் படமும் அந்த ஒரு வரியும் சேர்ந்து உங்களுக்கு எதிராக நிற்கின்றன. அதோடு, நுகர்வோர் தன் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், இவ்வளவு சின்ன விலைப் பொருளுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீலும் தேவையில்லை, இரண்டு வருடம் அவகாசமும் இருக்கிறது. அவருக்குச் செலவில்லாத வழக்குக்கு நீங்கள் ஈரோட்டிலிருந்து நெல்லைக்குப் போய்வர வேண்டும். காணொலி வழியாக ஆஜராகச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் மனுப் போட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

பதில் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அவர் உடல்நலம் பற்றி வருத்தம் தெரிவியுங்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவ அறிக்கை முழுவதையும், பில்களையும் கேளுங்கள். “என் உரிமைகளுக்குப் பாதகமின்றி, நல்லெண்ண அடிப்படையில்” என்ற சொற்களோடு, சோக்கரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அதன் விலையையும் மருத்துவச் செலவையும், அதாவது 5,250 ரூபாயை, தரத் தயார் என்று எழுதுங்கள். ஒத்துக்கொண்டால், இனி இது குறித்துக் கோரிக்கை எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். பதிலைப் பட்டுவாடாச் சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிக் கெஞ்சவோ, கோபப்படவோ வேண்டாம். மீறி வழக்கே போட்டுவிட்டால், புகார் நகல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலமான பதில் போக வேண்டும். ஆணையம் மிஞ்சிப்போனால் 15 நாள் கூட்டித் தரும். 45ஐத் தாண்டினால் வாங்க மாட்டார்கள் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் முடிவாகச் சொல்லிவிட்டது.

பொட்டிக்கில் தூங்கும் 62 உருப்படி

“ஒப்பந்தமே எழுதவில்லை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது” என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். நோட்டுப் பக்கத்தில் 62 உருப்படிக்கும் பெயர், விலை எழுதி, கடைப்பெண் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். “வித்ததும் போட்டுவிடறேன் சிஸ்டர்” என்று உரிமையாளர் வாட்ஸ்அப்பில் மூன்று முறை எழுதியிருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ‘விற்றால் விலை, இல்லையேல் திரும்ப’ என்று கொடுத்த சரக்கைப் பற்றியது. வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் சரக்கை வைத்துக்கொண்டால், அது அவருடையதாகிவிடும். விலை கொடுத்தாக வேண்டும். அவர் ‘நான் வெறும் ஏஜென்ட்’ என்று வாதிடக்கூடும். அப்படியானாலும் விற்றதற்குக் கணக்கும் விற்காததற்குச் சரக்கும் தர வேண்டியவர்தான். எனவே முதல் கடிதத்தில் பணம் கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள்: 62இல் எது விற்றது, எது இருக்கிறது? ஒரு வாரம் கெடு. இருப்பதை நேரில் போய் எண்ணி எடுத்து வாருங்கள். ஒன்பது மாதம் ஷோகேஸ் விளக்கில் கிடந்த முத்து மஞ்சளடித்திருந்தால், அங்கேயே படமெடுத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்கு அசையவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. இது பலருக்குத் தெரிவதில்லை. தொலைபேசி எண் 15100. வழக்குப் போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) உடன்பாடு ஆனால் அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடக் காலக்கெடு இருக்கிறது. அதற்காக ஆற அமர உட்கார்ந்துவிட வேண்டாம். போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாம் என்று உங்கள் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். பேச்சுவார்த்தைக்கு இருந்த வழியும் அடைந்துபோகும்.

அப்புறம், சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உதயம் பதிவைச் செய்துவிடுங்கள். இணையத்தில் இலவசம்தான், காசு கேட்கும் தளம் போலி. குறு, சிறு நிறுவனச் சட்டப்படி, உங்களிடம் சரக்கு வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பழைய பாக்கிக்கு இது செல்லுமா என்பதில் தகராறு வரலாம். அடுத்த கடைக்குச் சரக்குக் கொடுக்கும் முன் கையில் இருக்கட்டும்.

டிசைன் போனது, படம் போகவில்லை

பாசி கோக்கும் முறையில் உங்களுக்கு மட்டும் என்று உரிமை கோருவது கஷ்டம். ஆரஞ்சும் கறுப்பும் மாற்றி மாற்றிக் கோத்த அந்த மூன்று சரம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைப் போன்றவற்றை நரிக்குறவப் பெண்கள் பேருந்து நிலையத்துத் திண்ணையில் உட்கார்ந்து கோத்து விற்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். உண்மையிலேயே புதிய வடிவம் என்றால், 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்து 10 வருடமும் அதற்கு மேல் 5 வருடமும் பாதுகாக்கலாம். ஊருக்குக் காட்டும் முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நீங்கள் இன்ஸ்டாகிராமில் போட்ட அன்றே அது கைநழுவிவிட்டது.

படம் வேறு கதை. நீங்கள் எடுத்த படத்துக்குப் பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்ய வேண்டிய தேவையே இல்லை. செயலியிலேயே பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது. மூலப்படத்தைத் தேதியோடு இணைத்து அனுப்புங்கள். அந்தப் பக்கத்தில் போய்க் கமென்ட்டில் சண்டை போட்டால் அவர்களுக்குத்தான் விளம்பரம்.

உங்கள் கணவருக்கு

அவர் பயத்தில் பாதி நியாயம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். வெளிமாநிலம் என்றால், பொதுவிதிப்படி ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு தேவை. ஆனால் கைவினைப் பொருளுக்கு விலக்கு இருக்கிறது. அந்தப் பட்டியலில் கையால் செய்த இமிடேஷன் நகையும் பாசி நகையும் உண்டு. மொத்த விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு வேண்டாம். பான் எண் வேண்டும். சரக்கின் மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் மாநிலம் தாண்டினால் இ-வே பில் (சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) போட வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பெரிய விற்பனைத் தளங்களில் கடை திறந்தால் விதி வேறு. வெறுமனே வாங்கி விற்கும் ரெடிமேட் நகைக்குக் கைவினை விலக்கு பொருந்தாது, அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். ஒரு முறை ஆடிட்டரிடம் ஆர்டர் நோட்டைக் காட்டிவிடுங்கள்.

தொழிலை விட வேண்டாம் என்றுதான் சொல்வேன். பதிவில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: “கண்ணாடிப் பாசி, பித்தளைக் கொக்கி, உலோக ஒவ்வாமை உள்ளவர்கள் கயிறு வைத்துக் கேட்கவும்.” சோக்கருக்குப் பின்னால் சங்கிலிக்குப் பதில் இழுத்துக் கட்டும் நூல் கயிறு வைத்தால் பிடரியில் உலோகமே படாது. நாட்டிய நகைகளில் காலகாலமாக இருப்பதுதானே அது. நிக்கல் பார்க்கும் சோதனைத் திரவம் சின்னப் பாட்டிலில் கிடைக்கிறது. பஞ்சில் தொட்டுக் கொக்கியில் தேய்த்து, இளஞ்சிவப்பாக மாறினால் நிக்கல் கசிகிறது என்று பொருள். மாறாவிட்டால் அறவே இல்லை என்று ஆகிவிடாது. அதை வைத்து மறுபடி ‘100%’ எழுதிவிடாதீர்கள்.

நோட்டீஸ் கெடு இருப்பதால் பதிலின் வரைவை உங்களுக்கு ஏற்கெனவே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். அதே பாக்கெட்டில் மிச்சமிருக்கும் கொக்கிகளைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு கவரில் போட்டு, வாங்கிய தேதியை எழுதி ஒட்டி வையுங்கள். மகளின் நாட்டிய மாலையிலும் அதே கொக்கிதான் என்று எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் இன்றைக்கே கழற்றிவிட்டுக் கயிறு கட்டுங்கள்.